பதினோரு கிராம்

ஆலையில் சோமசேகரனுக்கு ‘பாயிண்ட் சோமு’ என்று பெயர். டீசல் பம்ப்பின் மீட்டரில் 38.46 என்று வந்தால் டிரைவர்கள் முப்பத்தெட்டரை என்பார்கள். அவர் முப்பத்தெட்டு புள்ளி நாலு ஆறு என்றுதான் எழுதுவார். “அந்த நாலு சொட்டை என்னண்ணே பண்ணப் போறீங்க?” என்று கேட்டால், “நான் ஒண்ணும் பண்ணல, அது இருக்கு, எழுதுறேன்” என்பார்.

ஐம்பத்துநாலு வயது. நெடுங்காட்டுப் பக்கம் வயல்காரக் குடும்பம். பத்தாவதுக்குமேல் படிக்கவில்லை. துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிப்போகும் லாரிகளுக்கு டிரிப் ஷீட் எழுதும் வேலையில் பதினோரு வருஷம் இருந்தார். கணக்கெழுதும் முறையை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. எழுதியதில் பிசகு வந்தபோதெல்லாம் சம்பளத்தில் பிடித்தார்கள், அப்படிக் கற்றுக்கொண்டார். லாரி ஆபீஸ் மூடியபின் இரண்டு வருஷம் வேலையில்லை. அந்த இரண்டு வருஷமும் வீட்டுக்கு அரிசி மனைவி அமுதத்தின் தம்பி தங்கையன் வயலிலிருந்து வந்தது. அவரும் கேட்கவில்லை, தங்கையனும் கொண்டுவந்து இறக்கிவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. “அக்கா, மோர் இருக்கா?” என்று கேட்டுக் குடித்துவிட்டுப் போய்விடுவான்.

பிறகுதான் இந்த ஆலை வந்தது. வைக்கோலைக் காற்று போதாத உலையில் வேகவைத்து, கிளம்பும் வாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, லாரியில் ஏற்றி அனுப்பும் ஆலை. நாளொன்றுக்கு ஐந்நூறு கிலோ. வெளியூரில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை அவ்வளவையும் வாங்கிக்கொண்டது. சந்தை விலையைவிடக் கூடக் கொடுத்துத்தான் வாங்கியது. அப்படி வாங்கியது ஹைட்ரஜனுக்காக மட்டுமல்ல, அதோடு வரும் சான்றிதழுக்காக. ஒரு கிலோ ஹைட்ரஜன் உண்டாக்க வெளியே விடுகிற கரிப்புகை, வருஷச் சராசரியில், இரண்டு கிலோவுக்குமேல் போகக் கூடாது. வைக்கோல் கட்டும் மிஷின், அதை இழுத்துவரும் டிராக்டர், உலை, கரண்டு எல்லாம் அந்த இரண்டு கிலோவுக்குள் அடங்க வேண்டும். அடங்கினால் அது பசுமை ஹைட்ரஜன். அடங்காவிட்டால் அதே வாயு, அதே லாரி, ஆனால் வாங்க ஆள் கிடையாது.

சோமசேகரனுக்கு அங்கே வாசல் வேலை. எந்த வண்டி, எந்த ஊர் வைக்கோல், எவ்வளவு எடை, எவ்வளவு டீசல் என்று பதிவது. வைக்கோல் முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர்களிலிருந்துதான் வரலாம் என்பது சான்றுக்காக ஆலை எழுதிக்கொடுத்த உறுதி. அந்தத் தூரத்துக்கு அளந்து ஒவ்வொரு டிராக்டருக்கும் டீசல் உண்டு. ஆலைக்குள்ளேயே சின்னதாக ஒரு பம்ப் வைத்திருந்தார்கள்.

இங்கேதான் காரைக்கால் பழக்கம் ஒன்று உள்ளே நுழைந்தது. டீசல் இங்கே எப்போதும் அந்தப் பக்கத்தைவிட லிட்டருக்கு அஞ்சாறு ரூபாய் குறைவு. அந்தப் பக்கம் என்றால் தமிழ்நாடு. வாய்க்காலைத் தாண்டினால் அந்தப் பக்கம்தான். நாகப்பட்டினத்துக்குத் துக்கம் கேட்கப் போகிறவன்கூட இங்கே டேங்கை நிரப்பிக்கொண்டுதான் கிளம்புவான். ஆலைக்கு வைக்கோல் இழுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள். இறக்கிவிட்டுத் திரும்பும்போது, “அண்ணே, வீட்டுக்கு ஒரு இருபது ஊத்துங்க” என்பார்கள். டவுன் பங்க்குக்கு ஒன்பது கிலோமீட்டர் போய் வரிசையில் நிற்க வேண்டாமே என்று அவரும் ஊற்றினார். ஆலை வாங்கிய விலைக்கே காசு வாங்கி அன்றைக்கே அலுவலகத்தில் கட்டினார். மேலாளர் சுவாமிநாதனுக்கும் இது தெரியும். நீல அட்டை நோட்டு ஒன்றில் நாள், பெயர், லிட்டர், கையில் வாங்கிய தொகை எல்லாம் ஏறின. டிரைவர்கள் அதற்கு ‘வீட்டு டீசல்’ என்று பெயர் வைத்தார்கள்.

வருஷம் முடிந்து, வைகாசியில், கணக்கைச் சரிபார்க்க ஷஃபீனா வந்தாள். நாகூர்க்காரப் பெண், முப்பது வயது இருக்கும். சென்னையில் இதற்கென்றே உள்ள நிறுவனம் ஒன்றில் வேலை. நாலு நாள் சோமசேகரனின் அறையிலேயே மேசை போட்டு உட்கார்ந்தாள். டீக்குக்கூட வெளியே போகவில்லை. நாலாம் நாள் கேட்டாள்.

“சார், வருஷம் பூரா டேங்கர்ல வந்து இறங்கின டீசல் இருபத்துநாலாயிரத்து எழுநூத்திப் பதினாறு லிட்டர். சரிங்களா?”

“பதினாறு புள்ளி நாலு.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நாலு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். “எனக்கு இப்படி ஒருத்தர் எல்லா ஆலையிலயும் இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்” என்றாள். பிறகு கணினியைத் திருப்பிக் காட்டினாள். திரையில் 2.07 என்று இருந்தது.

“கிலோவுக்கு எழுபது கிராம் கூட வருது சார். உலையில தப்பில்ல. கரண்டும் சரியாத்தான் இருக்கு. டீசல்தான் இடிக்குது. இத்தனையும் வைக்கோலுக்கா எரிஞ்சுது?”

சோமசேகரன் நீல நோட்டை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. “இதுல ஆறாயிரத்து இருநூத்திப் பன்னெண்டு லிட்டர் வெளியாளுங்க வாங்கினது. ஒரு பைசா குறையாம ஆபீஸ்ல கட்டியிருக்கேன், பாருங்க.”

அவள் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். “காசு வந்துடுச்சு சார். டீசல் திரும்பி வரலையே. அது எங்க எரிஞ்சுதுன்னு யாருக்குத் தெரியும்? ஆலைக்குள்ள இறங்கின டீசல், வேற இடத்துல எரிஞ்சுதுன்னு நிரூபிக்காத வரைக்கும் ஆலை புகைதான்.”

“நிரூபிச்சா?”

அவள் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தாள். வாங்கிய ஒவ்வொருவரும், எவ்வளவு வாங்கினேன், எதற்குச் செலவழித்தேன் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதன் அடியில், நேரில் விசாரித்து உறுதிசெய்தேன் என்று சோமசேகரன் கையெழுத்திட வேண்டும். சிலரை அவளே போனில் கேட்பாள். அடுத்த திங்கட்கிழமைவரை நேரம்.

அவள் போனபின் சுவாமிநாதன் வந்து கதவைச் சாத்தினார். “நாப்பத்தாறு பேர் வேலை செய்யறோம் சோமு. டிராக்டர்காரங்களைச் சேத்தா எண்பது குடும்பம். சான்று இல்லேன்னா கண்ணாடிக் கம்பெனி அடுத்த மாசமே நிறுத்திடுவான். உங்க நோட்டுதான் இப்ப எல்லாம்” என்றார்.

நோட்டில் முப்பத்திரண்டு பெயர். ஆறு நாள் அவர் டி.வி.எஸ்.ஸில் ஊர் ஊராகச் சுற்றினார். முதலில் பயந்தார்கள். பிறகு ஒருவர் போட்டதைப் பார்த்து மற்றவர் போட்டார்கள். முருகானந்தம் என்ற டிரைவர், தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “புகைக்குக் கையெழுத்தா? சோமண்ணே, என் பீடியை உங்க ஆலைக் கணக்குல சேத்துடாதீங்க” என்றான். அவன் வாங்கியதில் நாற்பது லிட்டர், குடும்பத்தை டிரெயிலரில் ஏற்றி வேளாங்கண்ணிக்குப் போய்வந்தது. அதையும் அப்படியே எழுதச் சொன்னார். உழவு, இறைவை மோட்டார், செங்கல் ஏற்றிய நடை, ஒரு சாவு வீட்டுக்குப் பந்தல் சாமான் ஏற்றியது என்று ஒவ்வொரு லிட்டரும் எங்கோ ஓர் இடத்தில் எரிந்திருந்தது. ஆலைக்கு அப்பாலே எரிந்திருந்தது. அவர் மனசு லேசானது.

சனிக்கிழமை மத்தியானம், சமையலறை வாசலில் அமுதம் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருக்க, அவர் கூடத்தில் தாள்களைப் பரப்பி ஆள்வாரியாகக் கூட்டினார். நோட்டு நாள் வரிசையில் இருந்தது. இருபது, இருபது என்று தனித்தனி நாளில் விழுந்த வரிகளை ஒரே பெயரின் கீழே அவர் அதுவரை சேர்த்துப் பார்த்ததில்லை. முப்பத்தொரு பேருக்கும் சேர்த்து மூவாயிரத்து அறுநூற்றி எட்டு லிட்டர். மீதி ஒரே ஆளுக்கு.

இரண்டாயிரத்து அறுநூற்றி நாலு. தங்கையன்.

இன்னொரு தடவை கூட்டினார். அதே தொகை. தை கடைசியிலிருந்து பங்குனிவரை, நூற்று முப்பது தடவை.

“என்னங்க, கணக்கு வரலியா?” என்றாள் அமுதம், முறத்தை நிறுத்தாமல்.

“வருது” என்றார்.

தங்கையன் வீடு பேரளத்துக்குப் பக்கத்தில். ஞாயிறு காலை போனபோது அவன் புது டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தான். ஆலை நடையை நம்பி வாங்கிய இரண்டாவது டிராக்டர் அது. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து, படிக்காமலே, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

“எதுக்குச் செலவுன்னு நீங்களே எழுதிக்கிடுங்க அத்தான். சொந்த உழவுன்னு போட்டுடுங்க.”

அப்படியே எழுதிக்கொண்டு வந்திருக்கலாம். பிற்பாடு அவர் பல தடவை நினைத்துக்கொண்டது அதைத்தான். ஆனால் இத்தனை வருஷப் பழக்கம், வாய் கேட்டுவிட்டது.

“உனக்குப் பன்னெண்டு மா, மொத்தமே நாலு ஏக்கர். பன்னெண்டு மாவுக்கு ரெண்டாயிரத்து அறுநூறு லிட்டர் உழவா மாப்ள? கடலையே உழுதியா?”

தங்கையன் சிரித்தான். மறைக்க வேண்டிய விஷயம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. “தையில பெஞ்ச மழை மறந்துபோச்சா? இங்க அறுத்துப்போட்ட வைக்கோல் அத்தனையும் வயல்லயே அழுகிப்போச்சு. மாடுகூட மோந்து பாக்கல. உங்க ஆலைக்கோ தெனமும் வேணும். வலங்கைமான் பக்கம் மழை கம்மி. அங்கேருந்துதான் ரெண்டு வண்டியும் இழுத்துது. நீங்க குடுக்குற டீசல் பேரளத்துக்குத்தான் காணும். மேக்கொண்டு ஆனதை நானே காசு குடுத்து வாங்கி ஊத்தினேன். டன்னுக்கு வர்றதுல அது போனாலும் எனக்குக் கையில கொஞ்சம் நின்னுது.”

“வாசல்ல பேரளம்னு சொன்னே.”

“வலங்கைமான்னு சொன்னா உள்ள விடுவீங்களா? அம்பத்தஞ்சு கிலோமீட்டர்.” பிறகு, அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “நான் இழுக்கலேன்னா மாசி மாசம் உலை அணைஞ்சிருக்கும் அத்தான். எல்லாருக்கும் நல்லதுதானே பண்ணேன்?”

அவன் சொன்னது பொய்யில்லை. மாசியில் உலை அணையாமல் இருந்தது அவனால்தான். சோமசேகரன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தங்கையன் மனைவி கொண்டுவந்த காப்பியைக் குடித்தார். திரும்பும் வழியில் நண்டலாற்றுப் பாலத்தருகே வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றார்.

தன் பதிவேட்டில், தன் கையெழுத்தில், நூற்று முப்பது இடத்தில் பேரளம் என்று இருக்கிறது. அத்தனையும் வலங்கைமான். அந்த டீசல் எரிந்ததும் ஆலைக்காகத்தான். அதை ஆலைக் கணக்கிலிருந்து எடுத்தால், எரிந்த டீசல் எங்கேயும் எரியாததாகிவிடும். எடுக்காவிட்டால் எண்பது குடும்பம். விஷயத்தை அந்தப் பெண்ணிடம் சொன்னாலோ, ஊர் மாற்றிச் சொன்னவன் என்று தங்கையன் பெயர்தான் முதலில் விழும். உலகத்துக்கு இந்தப் புகையால் என்ன கேடு என்பதெல்லாம் அவர் யோசனையில் வரவில்லை. தாளின் கடைசி வரிதான் திரும்பத் திரும்ப வந்தது. நேரில் விசாரித்து உறுதிசெய்தேன். விசாரித்தது உண்மை. அதுதான் தொந்தரவு.

திங்கட்கிழமை ஷஃபீனா தாள்களை எண்ணினாள். “முப்பத்தொண்ணு. நோட்டுல முப்பத்திரண்டு பேர் இல்லீங்களா?”

சுவாமிநாதன் பக்கத்தில் நின்றிருந்தார். சோமசேகரனின் சட்டைப்பையில் அந்த முப்பத்திரண்டாவது தாள், கையெழுத்தோடு, இருந்தது.

“ஒருத்தர் போடலீங்க” என்றார்.

“யாரு?” என்றார் சுவாமிநாதன். தாள்களை நோட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். “தங்கையனா? உங்க மச்சினன்தானே? அவரு போடமாட்டேன்னாரா?”

“அவனுக்கு இஷ்டமில்ல சார்.”

ஷஃபீனா அவரை ஒரு கணம் பார்த்தாள். மூன்று பேருக்குப் போன் போட்டாள். முருகானந்தம் அவளிடமும் பீடி விஷயத்தைச் சொல்லியிருப்பான் போல, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மூவாயிரத்து அறுநூற்றி எட்டு லிட்டரைக் கழித்துவிட்டுத் திரையைத் திருப்பினாள். 2.011.

“பதினோரு கிராம்” என்றாள் மெதுவாக.

“பதினோரு கிராம்னா என்னம்மா, ரெண்டு ஸ்பூன் சக்கரை” என்றார் சுவாமிநாதன். “ரெண்டுன்னு போட்டுக்கக் கூடாதா?”

“புள்ளிக்கப்புறம் மூணு இலக்கம் வரைக்கும் எழுதணும்கிறது எங்க ஆபீஸ் முறை சார். நான் முழு எண்ணாக்கிட்டா, சோமசேகரன் சாரே என்னை விடமாட்டாரு.” அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். “அந்த ஒரு தாள் வந்திருந்தா ஒண்ணு புள்ளி ஒன்பது ஆறு எட்டு. தாராளமா உள்ள வந்திருக்கும். இன்னும் ரெண்டு நாள் வேணா பாக்கறேன். கேட்டுப் பாருங்க சார்.”

நானே பேசுகிறேன் என்ற சுவாமிநாதனை, சொந்தக்காரன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லித் தடுத்தார். இரண்டு நாளும் அவர் எங்கேயும் போகவில்லை. போய்க் கேட்டதாகச் சொன்னார்.

அந்த வருஷத்துச் சான்று கிடைக்கவில்லை. கண்ணாடித் தொழிற்சாலையிலிருந்து மரியாதையான ஒரு கடிதம் வந்தது, பிறகு லாரி வரவில்லை. ஆனியில் ஆலை ஒரு ஷிப்டானது. பதினெட்டுப் பேரை நிறுத்தினார்கள். டிராக்டர்களில் யாரை நிறுத்துவது என்று பேச்சு வந்தபோது சுவாமிநாதன் யோசிக்கவே இல்லை. “கையெழுத்துப் போடாத ஆளுக்கு நாம எதுக்கு நடை குடுக்கணும்? முதல்ல அவரு ரெண்டு வண்டியையும் எடுங்க சோமு. உங்க சொந்தம்னு பாக்காதீங்க.” சோமசேகரன் ஸ்கேல் வைத்து, தங்கையன் பெயருக்குக் குறுக்கே நேர்க்கோடு போட்டார். ஆடியில் மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். எடைமேடையில் புல் முளைத்தது. அவரை மட்டும் வைத்திருந்தார்கள், பாதிச் சம்பளத்தில், ஆவணங்களைப் பார்த்துக்கொள்ள.

வீட்டில் அவர் சொன்னது வேறு. தங்கையன் தாளையும் கொடுத்ததாகவும், சரிபார்க்க வந்த பெண் அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்றும் சொல்லியிருந்தார். ஆலையில் ஒன்று, வீட்டில் ஒன்று. இரண்டும் என்றைக்காவது ஒரு டீக்கடையில் சந்தித்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். காரைக்கால் ஒன்றும் பெரிய ஊரில்லை.

ஆவணியில் ஒரு மத்தியானம் தங்கையன் வந்தான், பைக்கில். புது டிராக்டரை விற்றுவிட்டிருந்தான். பின்னால் ஒரு சாக்கில் உளுந்து கட்டியிருந்தது. இறக்கிக் கூடத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, “அக்கா, மோர் இருக்கா?” என்றான்.

அமுதம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிலைப்படியிலேயே நின்றாள். “இப்ப எதுக்குடா இது? உனக்கே நடையில்லாம கிடக்குறே.”

“வயல்ல விளைஞ்சதுதானே.” குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தான். “அத்தானைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். மொகமே சரியில்லேன்னு நீதான் போன்ல சொன்னே.” அவர் பக்கம் திரும்பினான். “நீங்க என்ன அத்தான் பண்ணுவீங்க? வேகாத வெயில்ல வண்டியை எடுத்துக்கிட்டு எனக்காகவும்தானே அலைஞ்சீங்க. அந்த நாகூர்ப் பொண்ணு மனசு வெச்சிருந்தா ஆயிருக்கும்.”

“நம்ம வயித்துல அடிச்சவ நல்லாவா இருப்பா” என்றாள் அமுதம்.

“அந்தப் பொண்ணு மேல தப்பில்ல” என்றார் சோமசேகரன்.

“உங்களுக்கு யாரு மேலதான் தப்பு தெரியும்?” தங்கையன் சிரித்தான். “அந்தப் பேப்பரை அவங்களே வெச்சுக்கிட்டாங்களா? நாளைக்கு ஏதும் வம்பு வராதுல்ல?”

“வராது.”

“திருப்பித் தரலியா?”

“இல்ல.”

அலமாரியின் மேல்தட்டில், ஆலையிலிருந்து கொண்டுவந்திருந்த நீல அட்டை நோட்டு இருந்தது. அதற்குள்ளே, பங்குனிக் கணக்குப் பக்கத்துக்கு எதிரே, அந்தத் தாள் நாலாக மடிந்து இருந்தது. தங்கையன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் நோட்டின் முதுகு தெரியும். அவன் பார்க்கவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று சொல்லி எழுந்துபோனான். தெருமுனையில் பைக் திரும்பும் சத்தம் கேட்டது.

அமுதம் சாக்கின் வாயை அவிழ்த்து ஒரு கை அள்ளிப் பார்த்தாள். “நல்லா காயவெச்சுக் குடுத்திருக்கான். எவ்வளவு இருக்குங்க?”

மூலையில் தராசு தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு எது வந்தாலும் அதில் மாட்டிக் கிராம்வரை படிக்காமல் அவர் உள்ளே விட்டதில்லை. அவர் எழுந்திருக்கவில்லை.

“ஒரு இருபது இருக்கும்” என்றார்.

அமுதம் அள்ளிய உளுந்தைச் சாக்கிலேயே போட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.